இடப்பக்கச் சில்லுக்குப் பிரான்சில் இறங்க அனுமதி இல்லை

ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் பிரான்ஸ். நடுவில் ஒரு பாலம். பாலத்தில் கார் போகும், சைக்கிள் போகும், ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைப் பிடித்தபடி கிழவர்கள் போவார்கள். அந்தப் பக்கத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து தின்பார்கள். இடைக்கிடை பொலிஸ் நிற்கும். நாய்களைத் தடவிக்கொடுக்கும், கம்சனாவின் நிறத்தில் இருப்பவர்களிடம் அடையாள அட்டை கேட்கும். அது வழக்கம் என்பதால் அவள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐரோப்பாவில் எல்லை என்று ஒன்று இல்லை எனப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை அவள் அந்தப் பாலத்தைப் பார்த்துத்தான் நம்பினாள்.

அவள் செய்த பிழை, அதே ஆற்றைப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலாகக் கடக்க ஆசைப்பட்டது.

கம்சனா ஸ்டுட்கார்ட்டில் விமானப் பொறியியல் படித்தவள். பல்கலைக்கழகத்துக்கு உள்ளே போன அவள் குடும்பத்தின் முதல் ஆள். அதற்கு முன் அப்பா ஒரு பல்கலைக்கழகத்தின் கழிவறைக்கு ஓடு பதிக்கப் போயிருக்கிறார், ஆனால் அதைப் பட்டமாகக் கொடுக்கமாட்டார்கள். படித்து முடித்து வேலைக்குப் போன கையோடு, ஒரு விவசாயியின் பழைய பன்றிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். வேலை முடிந்த பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் அலுமினியத் தகட்டை வெட்டினாள், வளைத்தாள், துளைத்தாள், ரிவிட் அடித்தாள். ஆறு வருடம். சொந்தக்காரர்கள் "கலியாணம் கட்டுற வயசில பெட்டை பிளேன் கட்டுறாள்" என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆறாவது வருடத்தில் அது இரண்டு பேர் இருந்து பறக்கக்கூடிய விமானமாகி நின்றது. ஆற்றங்கரையில் இருந்த சிறிய விமானத் திடலில் சோதனைப் பறப்புகளையும் அவளே செய்தாள். கீழே விழவில்லை. சிரித்தவர்கள் இப்போது "எங்கட பிள்ளை" என்றார்கள்.

அப்பா புவனேந்திரனுக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் பயணி அவர்தான். முதல் பயணம் ஆற்றைத் தாண்டி, பிரான்ஸ் பக்கத்து அல்சாஸில் ஒரு புல்தரையில் இறங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வருவது.

வீட்டில் கட்டிய விமானம் நாட்டெல்லையைக் கடப்பதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். அதைக் கொடுக்க ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவின் ஜெர்மன் பெயர் மூன்றாம் மாடியில் ஒரு கதவில் தொடங்கி, நடுக்கதவைத் தாண்டி, அதற்கடுத்த கதவில் முடிந்தது. நடு அறையில் இருந்தவர்களிடம் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், பெயரில் வரும் இடைக்கோட்டுக்குத் தாங்கள் பொறுப்பு என்றார்கள்.

"சோதனைப் பறப்புக்கு மற்ற அலுவலகம் ஏற்கனவே அனுமதி தந்திருக்கிறது," என்று கம்சனா தொலைபேசியில் சொன்னாள்.

"அந்த அலுவலகத்தின் முடிவுகளை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்," என்றது மறுமுனை. "வாசிப்பதில்லை."

இங்கே கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர்களுடைய நகரத்துக் கோயில், கார் டயர் விற்கும் கடைக்கும் பழைய தளபாடக் கிடங்குக்கும் நடுவே இருக்கிறது. அங்கே பெயர் இல்லாத பொருள் கடவுள் ஒருவர்தான். மின்குமிழில் பெயர், மணியில் பெயர், செருப்பு வைக்கும் தட்டில் பெயர், தீயணைக்கும் சிலிண்டரில் பெயர். மண்டபத்து மின்விசிறியின் மூன்று இதழ்களையும் மூன்று குடும்பங்கள் கொடுத்தன. சுற்றினால் பெயரை வாசிக்க ஏலாது என்பதால் கோடையிலும் அதைப் போடுவதில்லை. சனம் வியர்த்து ஊற்றிக்கொண்டு மேலே பார்த்து வாசிக்கும்.

விமானம் நான்காவது வருடத்தில் பணமில்லாமல் படுத்துக் கிடந்தபோது அப்பா அந்த மண்டபத்தில்தான் எழும்பி நின்றார். "என்ர மகள் ஒரு பிளேன் கட்டுறாள். ஆளுக்கொரு சாமான் பொறுப்பெடுங்கோ" என்றார். பதினொரு வீட்டார் எடுத்தார்கள். எடுத்தால் பெயர் போட வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. கம்சனா வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அப்பா ஸ்டிக்கர் அடித்துக் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்.

ப்ரொப்பெல்லரில்: உபயம், சிறீதரன் குடும்பம், டோட்முண்ட். தரையில் உருளும் இடப்பக்கச் சில்லின் மூடியில்: உபயம், கமலநாயகி, சூரிச். இப்படியே வால் வரைக்கும். பயணி இருக்கையின் பெல்ட்டில்: அமரர் செல்லத்துரை ஞாபகார்த்தமாக மனைவி பாலாம்பிகை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்.

"அப்பா, விழுந்தா உயிரைக் காப்பாத்துற சாமான் இது," என்றாள் கம்சனா. "இதில செத்தவற்ற பேரையே போடுறது?"

"உயிரோட இருக்கிற ஆக்களெல்லாம் வேற சாமான் எடுத்திட்டினம், பிள்ளை."

"என்ர பேர் எங்க?"

அப்பாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "உன்ர பேர் எதுக்கு? நீ வீட்டு ஆள்தானே!"

பிரிவிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஹெர் பீலிக்ஸ். மஞ்சள் மேற்சட்டை, தலைக்கவசம். திடலின் கொட்டகைக்குள் நிற்கும் விமானம் தன் தலையில் விழக்கூடும் என்பதை அவர் கவனத்தில் எடுத்திருந்தார். ரிவிட்டுகளை அவர் பார்க்கவில்லை. கம்சனா எஞ்சின் மூடியைத் திறந்து காட்டியபோது, "வேண்டாம், அது தொழில்நுட்பம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டிக்கர்களைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

கம்சனா வாயைத் திறக்கமுதல் அப்பா முந்திக்கொண்டார். அவருடைய ஜெர்மனில் இலக்கணம் குறைவு, உற்சாகம் அதிகம். "ஹெர் பீலிக்ஸ், இதெல்லாம் எங்கட சொந்தக்காரர். இந்தச் சில்லு கமலநாயகியின்ர. சூரிச்சில இருக்கிறா. அந்தப் ப்ரொப்பெல்லர் சிறீதரன்ர. இந்த பெல்ட் செல்லத்துரை அண்ணையின்ர. அவர் மூண்டு வருசத்துக்கு முதல் செத்துப்போனார்."

"இந்த விமானத்திலா?"

"சீச்சீ. ஆஸ்பத்திரியில."

ஹெர் பீலிக்ஸ் அதை எழுதிக்கொண்டார். "கடைசிக் கேள்வி. இதைக் கட்டியது யார்?"

கலியாண வீட்டில் சாப்பாடு நல்லாயிருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டால் ஒரு பதில் இருக்கிறது. புது வீட்டுக்கு வந்தவர் யார் பார்த்துக் கட்டியது என்று கேட்டாலும் அதே பதில்தான். என் மகள் தனியாகச் செய்தாள் என்று வந்தவரிடம் சொல்வது பெருமையடிப்பது. பத்துப் பேருக்கு முன்னால் நல்ல மனிதர் அப்படிச் சொல்லமாட்டார். அப்பா நல்ல மனிதர்.

"எல்லாரும் சேர்ந்துதான்," என்றார், நெஞ்சில் கையை வைத்து.

"அப்பா!"

"சும்மா இரு பிள்ளை. ஒரு மரியாதைக்குச் சொல்லுறதுதானே."

ஹெர் பீலிக்ஸ் மரியாதையையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் நேரில் வந்து சந்திக்க டெர்மின் கிடைத்தது. மூன்றாம் மாடி, கடைசிக் கதவு. மேசைக்குப் பின்னால் பிரிவின் தலைவி, ஃப்ராவ் டொக்டர் க்ரூனர்ட். பக்கத்தில் ஹெர் பீலிக்ஸ், இம்முறை தலைக்கவசம் இல்லாமல். கட்டடத்தின் கூரையை யாரோ ஏற்கனவே ஒப்புதல் செய்திருக்க வேண்டும்.

"முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்," என்றார் டொக்டர் க்ரூனர்ட். "நாங்கள் பறப்பதற்கு எதிரானவர்கள் அல்ல. காரணமில்லாமல் தரையை விட்டு எழும்புவதற்கு மட்டும்தான் எதிரானவர்கள். நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து, எங்கள் ஒப்புதலுடன் எல்லை கடந்த எந்த விமானமும் விபத்துக்குள்ளானதில்லை."

"எத்தனை விமானம் கடந்திருக்கு?" என்று கம்சனா கேட்டாள்.

"இன்னும் ஒன்றும் கடக்கவில்லை. அந்தச் சாதனையைக் காப்பாற்றும் கடமை எனக்கு இருக்கிறது." அவர் கோப்பைத் திறந்தார். "உங்களுடைய விண்ணப்பத்தில் அடிப்படையான பிழை ஒன்று உண்டு. ஒரு விமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வின்படி இது ஒரு விமானம் அல்ல. பதினொரு வீட்டாரின் பொருட்கள் ஒரே நேரத்தில், ஒரே திசையில், மிக நெருக்கமாகப் பயணம் செய்கின்றன. இதற்கு நாங்கள் அணிப்பறப்பு என்று சொல்வோம்."

"அது ஒரு பிளேன்," என்றாள் கம்சனா. "ரிவிட் அடிச்சிருக்கு."

"நெருக்கம் மிக அதிகம் என்பதை நாங்களும் குறித்திருக்கிறோம். திரு சிறீதரனின் ப்ரொப்பெல்லருக்கும் அதற்குப் பின்னால் வரும் குடும்பத்தின் மூடிக்கும் இடையே ஒரு விரல்கூட இடைவெளி இல்லை. அனுபவமுள்ள இராணுவ அணிகளே இவ்வளவு நெருங்கிப் பறப்பதில்லை."

அப்பா பெருமையோடு தலையாட்டினார்.

"அடுத்தது, இடப்பக்கச் சில்லு. உரிமையாளர் சுவிட்சர்லாந்தில் வசிக்கிறார். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே. ஆகவே அந்தச் சில்லு பிரான்ஸ் மண்ணைத் தொடும் கணத்தில் அது இறக்குமதி. சுங்க அதிகாரி இல்லாத புல்தரையில் இடப்பக்கச் சில்லுக்கு இறங்க அனுமதி இல்லை. வலப்பக்கச் சில்லு தாராளமாக இறங்கலாம்."

"ஒரு சில்லில எப்பிடி இறங்குறது?"

"வானோட்டிக்கு விதி சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. பறக்கச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை அல்ல." டொக்டர் க்ரூனர்ட் தாளைத் திருப்பினார். "திரு செல்லத்துரை. அணியின் உறுப்பினர். இவரிடமிருந்து மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வரவில்லை."

"அவர் செத்திட்டார்," என்றார் அப்பா மெதுவாக.

"அது எங்களுக்குத் தெரியும். மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் இருப்பதற்கு அது காரணமாகலாம். சான்றிதழுக்குப் பதிலாக ஆகாது."

கம்சனா கதிரையை முன்னால் இழுத்தாள். "சரி. எஞ்சின் நான் என்ர சம்பளத்தில வாங்கினது. அதில ஒருத்தற்ற பேரும் இல்லை. அதையாவது என்ர எண்டு எழுதுங்கோ."

"எஞ்சினில் பெயர் இல்லை என்பதை நாங்களும் கவனித்தோம்," என்றார் ஹெர் பீலிக்ஸ் அனுதாபத்தோடு. "பெயரிட்ட பொருட்களுக்கு நடுவே பெயரில்லாத பொருள் இருந்தால் அது தவறவிடப்பட்ட பொருள். நகரசபையின் கண்டெடுத்த பொருட்கள் அறையில் அதை ஒப்படைக்க வேண்டும். அங்கே குடைகளுக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது, நான் விசாரித்தேன்."

"இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும்," என்றார் டொக்டர் க்ரூனர்ட். "இங்கே இருப்பவர்களில் எவராவது முன்பு எல்லை தொடர்பான விதியை மீறியிருக்கிறாரா?"

அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார்.

"அப்பா, கையைக் கீழ விடுங்கோ."

"கேட்டா சொல்லத்தானே வேணும். நான் அகதியா வந்த புதுசில எங்களுக்கு மாவட்டத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது எண்டு சட்டம். நான் வெளிக்கிட்டனான். பஸ்சில. பக்கத்து ஊருக்கு. மாவட்ட எல்லை தாண்டி ரெண்டாவது தரிப்பிடத்தில பிடிச்சுப்போட்டாங்கள். தண்டமும் கட்டினனான்."

"பயணத்தின் நோக்கம்?"

"மீன் வாங்க."

"என்ன மீன்?" என்று கேட்டார் ஹெர் பீலிக்ஸ்.

"விளைமீன் இருக்கு எண்டு ஒருத்தன் சொன்னவன். வாங்கேல்லை. பிடிச்சுப்போட்டாங்கள்தானே."

 கம்சனா இந்தக் கதையை முதல் தடவையாகக் கேட்கிறாள். வீட்டில் அப்பா இதைச் சொன்னதில்லை. அரசாங்க மேசை ஒன்று கேட்டால்தான் சொல்வார் போல.

டொக்டர் க்ரூனர்ட் எழுதினார். "எல்லை கடந்த முன்னனுபவம், ஓரளவு." பிறகு நிமிர்ந்தார். "இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டில் கட்டிய விமானம் என்றால், பாதிக்கு மேல் ஒருவர் கட்டியிருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது இங்கே நிறுவப்படவில்லை. எல்லாரும் சேர்ந்து என்று உங்கள் தகப்பனார் வாக்குமூலம் தந்திருக்கிறார். அணியின் எல்லா உறுப்பினர்களையும் விமானத் திடலுக்கு அழைத்து முன்விளக்கக் கூட்டம் நடத்துவோம். அங்கேயும் கட்டியவர் அகப்படாவிட்டால் சோதனைப் பறப்புக்கான தற்காலிக அனுமதியும் இரத்தாகும். பொருளைப் பிரித்துப் பாகங்களை உரியவர்களிடம் கொடுத்துவிடுவோம்."

"என்ர ஆறு வருச வேலை..."

"அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், ஃப்ராவ் கம்சனா. நாங்கள் தேடினோம். வாலுக்குக் கீழேயும் குனிந்து தேடினோம்."

காரில் வரும்போது கம்சனா சொன்னாள்: "நான் இண்டைக்கே உந்த ஸ்டிக்கர் எல்லாத்தையும் உரிக்கப்போறன்."

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. உரிச்சா சிறீதரன் எங்கட வீட்டு வாசலே மிதிக்கமாட்டான்."

"மிதிக்காட்டி நல்லம்."

"கமலநாயகி சூரிச் முழுக்கச் சொல்லித் திரிவா."

"சொல்லட்டும். அப்பா, அவங்கள் பிளேனைக் கழட்டப்போறாங்கள். உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது," என்றார் அப்பா. "ஆனா குடுத்தவையின்ர பேரை உரிக்கிற பழக்கம் எங்களிட்ட இல்லை." அப்பாவிடமும் ஒரு பிரிவு இருந்தது. அதற்குக் கதவு மட்டும்தான் இல்லை.

ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உரித்தாலும் அது அனுமதியில்லாத உரிமை மாற்றம் என்று ஹெர் பீலிக்ஸ் மறுநாள் முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்.

முன்விளக்கக் கூட்டம் ஒரு சனிக்கிழமை. பதினொரு வீட்டாரும் வந்தார்கள். அழைப்பு ஜெர்மன் அரசாங்கத்திடமிருந்து வந்ததால் பட்டுச் சேலை உடுத்து வந்தார்கள். ரோல்ஸ் வந்தது, வடை வந்தது, பெரிய பானையில் தேத்தண்ணி வந்தது. திடலின் கொட்டகையில் பாதி கலியாண வீடு மாதிரியும் மறுபாதி நீதிமன்றம் மாதிரியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே விமானம் மணப்பெண் மாதிரி ஒன்றும் பேசாமல் நின்றது.

டொக்டர் க்ரூனர்ட் ஒரு பலகையில் அணிப்பறப்பின் வரைபடத்தைத் தொங்கவிட்டார். பதினொரு புள்ளிகள். "எல்லையை முதலில் கடப்பவர் திரு சிறீதரன்," என்றார்.

சிறீதரன் மாமா எழும்பி எல்லாருக்கும் கும்பிட்டார். டோட்முண்டில் மூன்று கடை வைத்திருப்பவர். முன்வரிசை இல்லாத கலியாணத்துக்கு அவர் போவதில்லை. "நான் அப்பவே சொன்னனான், ப்ரொப்பெல்லர்தான் முதல் போகும் எண்டு," என்றார்.

"அப்ப நாங்கள் பின்னால வாற ஆக்களோ?" என்றார் கமலநாயகி மாமி. "இறங்கேக்க நிலத்தில முதல் முட்டுறது என்ர சில்லு. அண்ணை ஆகாயத்தில சும்மா சுத்திக்கொண்டு நிப்பார்."

"உன்ர சில்லுக்கு இறங்க அனுமதியே இல்லையாம்!"

"எனக்கோ? நான் சுவிஸ் பாஸ்போர்ட்!"

டொக்டர் க்ரூனர்ட் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முகம் மலர்ந்தார். "எவ்வளவு நல்ல மக்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பவர்களை என் திணைக்களத்துக்கு வெளியே நான் கண்டதில்லை." ஹெர் பீலிக்ஸ் இரண்டாவது ரோல்சை எடுத்தார்.

செல்லத்துரையின் மனைவி பாலாம்பிகை அன்ரி ஓரமாக இருந்தார். அவர் கம்சனாவின் காதுக்குள் கேட்டார்: "அவருக்கும் ஒரு புள்ளி போட்டிருக்கினமோ, பிள்ளை?" போட்டிருந்தார்கள். அவர் அதைப் போனில் படமெடுத்துக்கொண்டார்.

"இப்போது கடைசி விஷயம்," என்றார் டொக்டர் க்ரூனர்ட். "இந்தப் பொருளைக் கட்டியவர்கள் கையை உயர்த்தவும்."

பதினொரு வீட்டாரும் கையைத் தூக்கினார்கள். சில வீடுகளில் இரண்டு கை.

கம்சனா பார்த்துக்கொண்டு நின்றாள். "சிறீதரன் மாமா, நீங்கள் ஒரு ரிவிட்டாவது அடிச்சிருக்கிறீங்களோ?"

"என்ன பிள்ளை இப்பிடிக் கேட்கிறாய்? நாங்கள் ஊக்கம் குடுத்தனாங்கள்."

"ஊக்கமோ? 'பெட்டைக்கு விசர், புவனேந்திரன் கட்டிக்குடுக்கிற வழியைப் பார்' எண்டு எங்கட வீட்டுக் கதிரையில இருந்து சொன்னனீங்கள். நான் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தனான், ஞாபகமிருக்கோ?"

"அதுவும் ஒரு ஊக்கம்தான். அந்த ரோசத்திலதானே கட்டி முடிச்சனீ!"

சபை சிரித்தது. டொக்டர் க்ரூனர்ட் சிரிக்கவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "சமமாகப் பிரித்தால் ஒருவருக்கும் பாதி வரவில்லை. பத்தில் ஒன்றுகூட வரவில்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் இதை ஒருவரும் கட்டவில்லை. இது எப்படி இங்கே நிற்கிறது என்பதற்கு எங்களிடம் விளக்கம் இல்லை. பொருள் பிரிக்கப்பட வேண்டும்."

"அப்ப எல்லாம் முடிஞ்சுதோ?" என்றார் அப்பா. தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அவர்தான் எல்லாருக்கும் கடைசியாகக் கையைத் தூக்கியவர், சபையோடு ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக.

 கம்சனா போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தாள். ஜாக்கி வைத்து இடப்பக்கத்தைத் தூக்கினாள். நாலு திருப்பில் சில்லு கையில் வந்தது. ஆறு வருடம் பழகிய கை. அதைக் கொண்டுவந்து பட்டுச் சேலை மடியில் வைத்தாள்.

"இந்தாங்கோ மாமி, உங்கட சில்லு."

"ஐயோ, கிறீஸ்! எடியே, இதை நான் என்ன செய்ய?"

"உங்கட சாமான் மாமி. சூரிச்சுக்குக் கொண்டு போங்கோ."

"ட்ரெயினில வந்தனான் பிள்ளை! பாசல் எல்லையில கேட்டா என்ன சொல்லுறது?"

கம்சனா அதற்குள் முன்பக்கம் போய்விட்டாள். ப்ரொப்பெல்லர் கழன்று வந்தது. அவள் உயரத்தைவிட நீளம். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் சிறீதரன் மாமாவின் கதிரைக்குக் குறுக்கே வைத்தாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் குனிந்தார்கள்.

"புதுக் கார் பிள்ளை, இது உள்ளுக்க போகாது," என்றார் மாமா.

"கூரையில கட்டுங்கோ."

"வீட்டில எங்க வைக்கிறது? மாமி பேசுவா."

"சாமி அறையில வையுங்கோ. இல்லாட்டிக் கடையில தொங்கவிடுங்கோ, எனக்கென்ன? பேர் போட எல்லாரும் வந்தனீங்கள். தூக்கவும் வாங்கோவன்."

அடுத்தது வால். அதைக் கழற்ற ரிவிட்டுகளைத் துளைத்து எடுக்க வேண்டும். அவள் ட்ரில்லைச் செருகி முதல் ரிவிட்டின் தலையில் வைத்தாள். அந்தச் சத்தத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முதல் ரிவிட் சீமெந்து நிலத்தில் விழுந்து உருண்டது. இரண்டாவது. மூன்றாவது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, கை மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

வாலைக் கொடுத்த வீட்டுக்காரர் எழும்பி ஓடிவந்தார். "தங்கச்சி, நிப்பாட்டுங்கோ! நாங்கள் நாலாம் மாடி. லிப்ட் இல்லை!"

"பிள்ளை, நீயே வைச்சுக்கொள்," என்று கமலநாயகி மாமி சில்லை மடியிலிருந்து தள்ளிவிட்டார். "எனக்கு ஒண்டும் வேண்டாம். பேர் மட்டும் இருக்கட்டும்."

"சாமான் உன்ர, பேர் எங்கட," என்றார் சிறீதரன் மாமா, ப்ரொப்பெல்லருக்குக் கீழே அகப்பட்டபடி. "கட்டினது நீதான். ஆர் இல்லையெண்டது?"

ஆனால் விமானத்தைக் காப்பாற்றியது மாமாவின் வாக்குமூலம் அல்ல. ஹெர் பீலிக்ஸ் கையிலிருந்த ரோல்சை வைத்துவிட்டு டொக்டர் க்ரூனர்டிடம் குனிந்து சொன்னது.

"ஃப்ராவ் டொக்டர், பிரித்தால் பதினொரு பொருள்."

"ஆம்."

"பதினொரு கோப்பு."

டொக்டர் க்ரூனர்டின் பேனா நின்றது.

"ஒன்று சுவிட்சர்லாந்துக்குப் போகிறது," என்றார் ஹெர் பீலிக்ஸ். "ஒன்றின் உரிமையாளர் இறந்தவர். அதற்கு மேலாக, எஞ்சினைக் குடைகளோடு சேர்க்க நகரசபையின் ஒப்புதல் வேண்டும். அடுத்த மாதம் என் விடுமுறை தொடங்குகிறது. உங்களுடையதும்."

டொக்டர் க்ரூனர்ட் எழும்பினார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் நீரோடு ட்ரில் பிடித்து நிற்கும் பெண்ணை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "நிறுத்துங்கள்," என்றார். "முழுமையான ஆய்வின் பின்னர் இந்தப் பிரிவு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. இவ்வளவு வேகமாகப் பிரிக்கத் தெரிந்தவர்தான் கட்டியிருக்க முடியும். கட்டியவர் ஒருவர். விமானம் ஒன்று. கோப்பும்," அவர் அழுத்திச் சொன்னார், "ஒன்று."

நீதி கிடைக்கும் என்று கம்சனா படித்திருந்தாள். விடுமுறையால் கிடைக்கும் என்று எந்தப் பாடத்திலும் இருக்கவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். சிறீதரன் மாமா தன் முன்முயற்சியால் சிக்கல் தீர்ந்தது என்று குடும்பக் குழுவில் குரல் பதிவு அனுப்பினார். கம்சனா நிலத்தில் குந்தி மூன்று ரிவிட்டையும் பொறுக்கினாள். பழையதைத் திரும்ப அடிக்க ஏலாது. புதிது அடிக்க வேண்டும். மற்றவர்கள் மிச்ச வடையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்புதல் வந்தது. கட்டியவரின் பெயர் எரியாத உலோகத் தகட்டில் பொறிக்கப்பட வேண்டும். தகடு, விதியின்படி, வானோட்டியின் இருக்கைக்குக் கீழே, எவர் கண்ணிலும் படாத இடத்தில் பொருத்தப்பட வேண்டும். எல்லையைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கடக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு கடப்புக்கும் புதிய அன்ட்ராக் எழுதி விண்ணப்பிக்க வேண்டும்.

காற்றில்லாத ஒரு காலை. திடலில் அவர்கள் இருவர்தான். அப்பா கலியாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டு வந்திருந்தார். கம்சனா அவருக்கு பெல்ட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். எஞ்சின் பிடித்தது. புல் வேகமாகப் பின்னால் ஓடியது, பிறகு ஓடுவதை விட்டுக் கீழே போனது. அப்பா "முருகா" என்றார். 

ஆறு கீழே வந்தது. எவரும் கோடு போட்டிருக்கவில்லை. ஒரு சரக்குப் படகு நடுவால் போய்க்கொண்டிருந்தது, பாதி இந்த நாட்டிலும் பாதி அந்த நாட்டிலும். பாலத்தில் ஒரு நாய் நின்றது.

"இப்ப எங்க நிக்கிறம்?" என்று அப்பா ஹெட்போனுக்குள் கத்தினார்.

"கத்தாதேங்கோ, கேக்குது. பிரான்ஸ்."

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

அப்பா யன்னலில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தார்.  "பிள்ளை, நான் சரியாப் பாக்கேல்லை. ஒருக்காத் திருப்பு."

கம்சனா அவரைப் பார்த்தாள். பிறகு இறக்கையைச் சரித்தாள். ஆறு சுழன்று மறுபக்கம் வந்தது.

"இப்ப?"

"ஜெர்மனி."

"இன்னொருக்கா."

"அப்பா, அவ்வளவுதான் தந்திருக்கினம்."

"ஆர் பாக்கிறது? திருப்பு, திருப்பு."

அவள் திருப்பினாள். பிறகு அவர் கேட்காமலே திருப்பினாள். ஆற்றின் வழியே, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, ஊசி நூல் கோத்துக்கொண்டு போவது மாதிரி. அப்பா ஒவ்வொரு வளைவிலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது அவளுக்குத் தெரியாது.

"இப்ப எந்த நாடு?"

"பிரான்ஸ்."

"இப்ப?"

"ஜெர்மனி."

"இப்ப?"

கம்சனா கீழே பார்த்தாள். நேர் கீழே நடு ஆறு, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. "தெரியாதப்பா."

"அப்ப இதிலயே கொஞ்சம் நில்லு."

"நிண்டா விழுந்திடுவம், அப்பா."

"சரி," என்றார் அப்பா. "அப்ப சுத்து."